வெனிசூலாவின் முதற் கூட்டாட்சிக் குடியரசு

தென்னமெரிக்காவின் வடகரையில் 1811 சூலை 5ஆம் நாள் தன்னுரிமை சாற்றிய வெனிசூலாக் குடியரசு, அடுத்த ஆண்டு சூலைத் திங்கள் முடியுமுன் அழிந்தது. அதனை அழித்தது கூட்டாட்சி முறையே என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. இதற்கு மூலமாவது, சீமோன் பொலிவார் 1812 திசம்பர் 15இல் கார்த்தகேனாவில் வெளியிட்ட அறிக்கையாகும். இச்சான்றின் வன்மையை ஈண்டு ஆராய்வோம்.

கராக்கசு முதலிய ஏழு மாநிலங்களே இக்குடியரசில் இணைந்தன. கோரோ, மாரக்காய்போ, குவயானா ஆகியன இசுப்பானிய மன்னன் பக்கமே நின்றன. 1811 திசம்பர் 21இல் நிறைவேறிய அரசியலமைப்பு, மாநிலந்தோறும் தனியாட்சியை ஏற்று, நடுவணாட்சியை மூவர் கையில் ஒப்படைத்தது. போர்க்காலத்திற்கு இஃது ஒவ்வாது என்ற பொலிவாரின் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், 1812 ஏப்பிரலிலேயே மிராண்டாவுக்கு முழு அதிகாரமும் வழங்கப்பட்டுவிட்டது. ஒருவராட்சி வந்தபின்னும் குடியரசு மூன்று திங்களே நிலைத்தது. கூட்டாட்சி ஒன்றே காரணமாயின், இதற்கு விடை யாது?

1812 மார்ச்சு 26, பெரிய வியாழன். அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் கராக்கசு இடிந்தது. பார்க்கிசிமேத்தோவில் குடியரசுப் படையினர் மண்ணிற் புதைந்தனர். மன்னன் பக்கம் நின்ற கோரோவோ தப்பியது. 1810இல் ஆளுநரை விலக்கிய நாளும் பெரிய வியாழனே. இவ்வொற்றுமையைக் காட்டி, இது கடவுள் தந்த தண்டனை என்று குருமார் பலர் பறைசாற்றினர். கோரோவிலிருந்து சிறு படையுடன் புறப்பட்டிருந்த மோந்தேவெர்தேவுக்கு ஊர்கள் எளிதில் வழிவிட்டன.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. அரசியலமைப்பு நிறவேற்றுமையைச் சட்டத்தினின்று நீக்கிற்று, ஆயினும் வாக்குரிமையைச் சொத்தோடு பிணைத்தது, அடிமைமுறையைத் தொடவில்லை. பார்லோவெந்தோத் தோட்டங்களில் அடிமைகள் மன்னன் பெயரால் கிளர்ந்தெழுந்ததில் வியப்பில்லை. விடுதலை என்னும் சொல் அவர்கட்கு என்ன பயன் தந்தது?

பொலிவாரின் அறிக்கை நிலநடுக்கத்தையும் குருமாரையும் உட்கட்சிப் பூசல்களையும் எண்ணுகிறது, அடிமைமுறையை எண்ணவில்லை. அவர் காவலிலிருந்த புவெர்த்தோ கபேயோக் கோட்டை சூலைத் தொடக்கத்தில் வீழ்ந்ததையும் நாம் மறத்தல் ஆகாது. அவ்வீழ்ச்சிக்குப்பின் சூலை 25இல் மிராண்டா பணிந்தார். அவரைச் சிறைப்பிடித்தோருள் பொலிவாரும் ஒருவர். தோல்வியிற் பங்குடையார் கூறும் காரணத்தை வேறு சான்றுகளோடு ஒப்பிடாது ஏற்றல் முறையன்று.

மிராண்டா 1816 சூலை 14இல் காதிசுச் சிறையில் இறந்தார். அதற்கு ஆறு கிழமை முன்னர், சூன் 2ஆம் நாள், காருப்பனோவில் பொலிவார் தம் படையிற் சேரும் அடிமைகட்கு விடுதலை அறிவித்திருந்தார்.