மூக்கை நோக்கி நகர்ந்த கருவி

1896 ஜனவரியில் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 பேர் மாண்டார்கள். உடல்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பெரும்பாலோர் இறந்தது வெடிப்புக்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடால் என்று கண்டறிந்தார். நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆள் சாயும்வரை தெரியாத வாயு. வேகமாக மூச்சுவிடும் சிற்றுயிர்கள் மனிதருக்கு முன்பே மயங்கிவிடும் என்பதால், எலியையோ சிறு பறவையையோ உடன் கொண்டுபோகச் சொன்னார். கேனரிக் குருவி கூண்டோடு சுரங்கத்துக்குள் இறங்கியது இப்படித்தான். பிரிட்டனில் அதன் வேலையை மின்னணுக் கருவியிடம் ஒப்படைக்க 1986 ஆகிவிட்டது.

குருவி ஆபத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. ஆண்டுக்கணக்கில் நுரையீரலைக் கெடுக்கும் தூசைப் பற்றி அதனிடம் கேட்கவே முடியாது.

அந்தத் தூசுதான் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சிலிக்கோசிஸ் நோயாக ஆட்களை வாரிக்கொண்டிருந்தது. 1916-ல் அங்கே ராபர்ட் கோட்சே ‘கோனிமீட்டர்’ என்ற கைக்கருவியைக் கொண்டுவந்தார். விசையைத் தட்டினால் அது கொஞ்சம் காற்றை இழுத்து, பசை தடவிய கண்ணாடியின் மேல் பீய்ச்சும். ஒட்டிய துகள்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் கருவி பிடித்தது கணநேரக் காற்று. தொழிலாளி இழுத்ததோ ஒரு ஷிப்டு முழுவதன் காற்று.

பிறகு மணிக்கணக்கில் ஓடும் கருவிகள் வந்தன. அவற்றைப் பட்டறையில் ஓரிடத்தில் நிறுத்தி வைத்தார்கள். 1960-ல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஷெர்வுட், கிரீன்ஹால்ஜ் இருவரும் பேட்டரியில் ஓடும் சிறு பம்பைத் தொழிலாளியின் உடலிலேயே மாட்டி, வடிதாளை மூக்கருகே பொருத்தினார்கள். நிறுத்திவைத்த கருவி காட்டியதைவிட இதில் மாசின் அளவு அதிகம். காரணம் எளிது: கல்லை அறுப்பவர், சாணை பிடிப்பவர் கையடியில்தான் தூசு கிளம்புகிறது, மூலையில் இருக்கும் கருவியை எட்டுவதற்குள் அது கலைந்துவிடுகிறது.

இந்தியாவில் போபால் விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. வேலையிடக் காற்றில் கலக்கும் பல இரசாயனங்களுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பும், சிலவற்றுக்குப் பதினைந்து நிமிட உச்ச வரம்பும் அதில் சேர்ந்தன. உங்கள் ஆலையில் காற்றுப் பரிசோதனை நடந்ததாகச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: கருவி யார் உடலில் இருந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது?