மலைபடுகடாமில் நிலமும் தேறலும்: போளூர் – சவ்வாது மலைப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திராட்சை மதுவின் நிறம், மணம், புளிப்பு ஆகியவற்றை அது விளைந்த மண்ணும் தட்பவெப்பமும் தீர்மானிக்கின்றன என்பது ஐரோப்பிய மது மரபின் அடிப்படைக் கருத்தாகும். இதனைப் பிரெஞ்சு மொழியில் டெர்வார் என்பர். சங்க இலக்கியத்தின் கள் பற்றிய செய்திகளை இக்கருத்தோடு ஒப்பிடலாமா என்பதே இக்கட்டுரையின் வினா. போளூர், செங்கம், சவ்வாது மலை ஆகியவற்றை உள்ளடக்கிய நன்னன் நாட்டைப் பாடும் மலைபடுகடாம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. தமிழ் மரபில் பானம் ஊருக்கு உரியதாக அன்றித் திணைக்கு உரியதாகவே கருதப்பட்டது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், தேறல், நறவு, திணை, சேயாறு, நவிரமலை, யவனர் மது.

முன்னுரை

பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்றும் வழங்கப்பெறும் இந்நூலை இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றினார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். நூல் குறிப்பிடும் நவிரமலை, போளூருக்குத் தென்மேற்கே எழும் பர்வதமலை என்று அறிஞர் பலர் கொள்வர். சேயாறு சவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தின் வழியே ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. ஆற்றுப்படை நூல்களுள் நிலவியல் அடையாளங்கள் இவ்வளவு தெளிவாக எஞ்சியிருப்பவை சிலவே. எனவே நிலத்துக்கும் உணவுக்கும் உள்ள உறவை ஆராய இந்நூல் தகுந்த களமாகிறது.

வழியும் பானமும்

கூத்தர் நன்னனின் ஊரை அடையும் வழி மலையில் தொடங்கி, காடு கடந்து, வயல்வெளி வழியாகச் சேயாற்றங்கரையை அடைகிறது. அவ்வழியில் அவர்களுக்குக் கிடைக்கும் பானங்கள் நிலத்துக்கு நிலம் மாறுகின்றன.

மலைச் சிற்றூரில் தேனால் ஆக்கி மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறல் கிடைக்கிறது. அதனுடன் நறவும் பேசப்படுகிறது. முதல்நாள் குடித்த மயக்கம் விடியலில் தீர்வதற்குரிய உணவையும் புலவர் சொல்லிவைக்கிறார். காட்டு நிலத்தில் கோவலர் குடியிருப்பில் கிடைப்பது பால். வயல் நிலத்தில் இளங்கதிர் தோன்றும் காலைப்பொழுதில், நெற்களந்தோறும், தசும்பிலிருந்து வார்த்த தேறல் கிடைக்கிறது. மலையில் கலம் மூங்கில். வயலில் கலம் மட்குடம். மலையில் மூலப்பொருள் தேன், வயலில் நெல்.

இவ்வரிசை தற்செயலானதன்று. நூலின் தொடக்கப் பகுதி, மழை தவறாது பெய்தமையால் மலைச்சாரலில் விளைந்த எள், தினை, அவரை, வரகு, ஐவனநெல், இஞ்சி, பலா முதலியவற்றை முறையாக எண்ணிக் காட்டுகிறது. உழாமல் விதைத்த நிலமும் அங்குச் சுட்டப்படுகிறது. மழை, மண், விளைவு, உணவு, பானம் என்ற தொடர்பு நூலின் கட்டமைப்பிலேயே அமைந்துள்ளது.

நொதித்தலும் நிலமும்

நொதித்தலுக்கு இனிப்பு வேண்டும். அந்த இனிப்பை எந்த நிலம் எவ்வடிவில் தருகிறது என்பதே பானத்தின் வகையை முடிவுசெய்கிறது. தேனில் இனிப்பு மிகுதி. ஆயினும் செறிவு காரணமாக நீர் கலந்தாலன்றி அது எளிதில் நொதிக்காது. நெல்லில் இருப்பது மாவுப்பொருள். முளைகட்டியோ பூஞ்சை சேர்த்தோ அதனை முதலில் சர்க்கரையாக்க வேண்டும்.

இவ்விரு தொழில்நுட்பங்களுக்கும் சங்க நூல்களில் விரிவான சான்றுகள் உள்ளன. அகநானூற்று 348ஆம் பாடல் மாங்கனி, பலாச்சுளை, தேன் ஆகியவற்றைக் கலந்து மூங்கிலில் முதிரவைத்த தோப்பியைக் குறவர் வாழ்வோடு இணைத்துக் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படை, குற்றாத அரிசியைக் கூழாக்கி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவிட்டு, முளையடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிர்ந்தபின் வடித்தெடுக்கும் முறையைக் கூறுகிறது. இப்பாட்டின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். ஆதலின் இச்செய்முறை நன்னன் நாட்டுக்கு அண்மைப் பகுதியைச் சார்ந்தது. இரண்டே நாளில் நொதித்தல் முடிவது வெப்ப நாட்டின் இயல்புக்குப் பொருந்துவதாகும்.

ஊர்ப்பெயரா, திணையா?

இவ்விடத்தில் ஒரு தடை எழுகிறது. மூங்கிலில் முதிர்ந்த தேறல் நவிரமலைக்கு மட்டும் உரிய தனித்தன்மையா? அவ்வாறு கொள்ள இயலாது. திருமுருகாற்றுப்படை குன்றுதோறாடலில் அத்தேறலைக் கூறுகிறது. புறநானூற்று 129ஆம் பாடல் ஆய் அண்டிரனின் பொதியமலைக் குறவரிடத்தும் அதனைக் காட்டுகிறது. வடக்கே பல்குன்றக் கோட்டத்திலும் தெற்கே பொதியிலிலும் ஒரே பானம் பேசப்படுவதால், அது ஒரு மலையின் மண்ணைச் சுட்டவில்லை. குறிஞ்சி என்னும் நிலவகையைச் சுட்டுகிறது.

இலக்கிய மரபால் ஒரே வருணனை திரும்பத் திரும்ப வந்தது என்று கூறலாம். அது உண்மையாயினும், மரபு எதனை அடிப்படையாகக் கொண்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. மூங்கிலும் தேனடையும் பலாவும் ஒருங்கே அமைந்த மலைகளில்தான் அவ்வருணனை இடம்பெறுகிறது. வயல் நிலத்துக்கு அது இடம்பெயரவில்லை. எனினும் இவ்வெல்லை முற்றிலும் இறுகியதன்று. மலையிலும் ஐவனநெல் விளைந்தமையால் அங்கு நெற்கள் ஆக்குவதற்கும் வாய்ப்பிருந்தது.

யவனர் மதுவுடன் ஒப்பீடு

இதற்கு மாறாக, மத்தியதரைக் கடற்பகுதியின் மது ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளுஸ், பரிகாசா துறைமுகத்தில் இத்தாலிய மதுவே பெரிதும் விரும்பப்பட்டதாகவும், லவோதிக்கேய மதுவும் அராபிய மதுவும் இறக்குமதியானதாகவும் குறிப்பிடுகிறது. முசிறிக்கு வந்த மது மிகுதியன்று என்றும் கூறுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடற்பகுதியின் இருகாதுச் சாடிகளான ஆம்போராக்களின் உடைசில்லுகள் கிடைத்தன. அவற்றுள் கோஸ் தீவு வகையும் இத்தாலியக் கம்பானிய வகையும் பின்னர் இனங்காணப்பட்டன. கம்பானியச் சாடிகளின் களிமண்ணில் எரிமலைக் கருமணல் கலந்துள்ளது. மது எம்மண்ணில் பிறந்தது என்பதற்குச் சாடியே சான்றாகிறது.

புறநானூற்று 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துமிடத்து, யவனர் நல்ல கலத்தில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைக் குறிப்பிடுகிறார். அங்கும் அது இத்தாலியத் தேறல் என்றோ கோஸ் தேறல் என்றோ பெயர் பெறவில்லை. கொணர்ந்த மக்களின் பெயரே சுட்டப்படுகிறது. வணிகர்க்கு ஊர் முதன்மையாயிற்று. புலவர்க்குக் கொணர்ந்தவரும் கலமும் மணமும் முதன்மையாயின.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பயிரியல்பிலும் உள்ளது. திராட்சை ஒரே கொடி. பல மண்ணில் வளரும். கருந்திராட்சையின் நிறப்பொருள் தோலில் உள்ளது. இரவு வெப்பம் மிகுந்தால் நிறம் குன்றும். வெம்மையில் புளிப்பும் குறையும். மண் நீரைத் தேக்கும் அல்லது வடிக்கும் தன்மை காயின் செறிவை மாற்றும். பயிர் ஒன்றாயிருப்பதனால் வேறுபாட்டுக்கு மண்ணும் வானிலையும் பொறுப்பேற்கின்றன. அதனால் ஊர்ப்பெயர் தேவையாகிறது. மேலும் பிசின் பூசிய சாடியில் நெடுநாள் தங்கிக் கடல் கடக்கும் மதுவுக்கு அடையாளம் வேண்டும். நன்னன் நாட்டிலோ நிலம் மாறினால் மூலப்பொருளே மாறியது. விளைந்த களத்திலேயே பருகப்பட்ட தேறலுக்கு ஊர்ப்பெயர் வேண்டியிருக்கவில்லை.

நினைவுச் சடங்கில் கள்

பானம் உணவாக மட்டும் நிற்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 232ஆம் பாடல், நடுகல்லுக்குச் சிறுகலத்தில் கள் படைத்ததைக் கூறுகிறது. அதியமானின் தகடூர், செங்கத்துக்கு மேற்கே அண்மையில் உள்ளது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்ட செங்கம் நடுகற்களுள் பல, பல்லவர் காலத்தவை. இவ்வட்டார நடுகற்களில் வீரனின் உருவத்தருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்படுவதுண்டு. கெண்டியைப் படையற் கள்ளின் கலமாகக் கொள்ளுதல் இலக்கியச் சான்றோடு பொருந்துகிறது. எனினும் கல்வெட்டே அவ்வாறு சொல்வதாகக் கொள்ளலாகாது.

இன்றைய நிலம்

சவ்வாது மலையில் பழம்பாறைகள் சிதைந்த செம்மண்ணில் இன்றும் சாமை முதலிய சிறுதானியங்கள் மழையை நம்பி விளைகின்றன. தேனும் புளியும் மலைவாழ் மக்களின் வருவாயில் பங்கு வகிக்கின்றன. தமிழகத்தில் கருந்திராட்சைக்குப் பெயர்பெற்ற நிலம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. மஸ்கட் ஹாம்பர்க் வகையைச் சார்ந்த கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்கால உறக்கம் இல்லாத வெப்பநிலத்தில் கொடியைக் கவாத்து செய்தே உழவர் காய்ப்புக் காலத்தை வகுக்கின்றனர். புவிசார் குறியீடு, விளைபொருளை ஊர்ப்பெயரோடு பிணைக்கும் ஏற்பாடு. சங்க காலத் தேறலுக்கு இல்லாத இவ்வடையாளத்தை இன்றைய சந்தை வேண்டுகிறது.

முடிவுரை

மலைபடுகடாம் நிலத்துக்கும் பானத்துக்கும் உள்ள உறவை நன்கு உணர்ந்த நூல். ஆயினும் அதனைப் பிரெஞ்சு மரபின் டெர்வார் கருத்துக்கு முன்னோடி என்று கூறுவது பொருந்தாது. அங்கே ஒரு கொடியின் சுவையை ஊர் வேறுபடுத்துகிறது. இங்கே எப்பொருள் நொதிக்கும் என்பதையே நிலவகை தீர்மானிக்கிறது. இவ்வேறுபாட்டை மறைத்துப் பெருமை தேடுவதைவிட, திணை என்னும் கருத்து உணவு வரலாற்றுக்குத் தரும் தனித்த பகுப்புமுறையை வெளிக்கொணர்வதே பயனுடையது. பிற ஆற்றுப்படை நூல்களின் வழித்தடங்களையும் இம்முறையில் ஆராய்ந்தால், பழந்தமிழரின் வேளாண்மை, கலத்தொழில், நொதித்தல் நுட்பம் ஆகியவற்றின் நிலவாரியான வரலாறு தெளிவுபெறும்.