அப்பாவின் வாட்ச் செயினில் இரண்டு கண்ணி

காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு அப்பாவின் எச்.எம்.டி. வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு அவ்வளவு மெலிந்துவிட்டது. "கடைல குடுத்தா ரெண்டு கண்ணி எடுத்துத் தருவான். நீ எதுக்குப் போட்டு நோண்டற?" என்றார். நோண்டினேன். அதில் கிளம்பிய தேடல்தான் இந்தக் குறிப்பு.

ஆண்கள் பரவலாகக் கைக்கடிகாரம் கட்டத் தொடங்கியது முதல் உலகப்போர் காலத்தில். பதுங்குகுழிக்குள் நின்றுகொண்டு சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியாதில்லையா? அப்போது தோல் பட்டைதான். அளவு மாற்றுவது பெல்ட் மாதிரி, அடுத்த ஓட்டையில் மாட்டினால் முடிந்தது. உலோகச் செயின் வந்ததும் அந்தச் சுதந்திரம் போனது. கண்ணி கழற்ற ஆளும் கருவியும் வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று ஸ்பிரிங் செயின். அமெரிக்காவின் ஸ்பைடல் நிறுவனம் 1959இல் 'ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்ணிகளுக்குள் சின்னச் சின்ன ஸ்பிரிங் தகடுகள். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். நம்மூர் மாமாக்களின் கை முடியைப் பிடித்து இழுத்தது இந்த வகைதான்!

இந்தியாவில் 1961இல் ஜப்பானின் சிட்டிசனுடன் சேர்ந்து எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில். டைட்டன் என்ற பெயருக்குள்ளேயே டாடாவும் தமிழ்நாடும் இருக்கின்றன. குவார்ட்ஸ் வந்தபின் சாவி கொடுக்கும் வாட்சுக்கு மவுசு குறைந்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

கம்பெனியோடு போனது வாட்ச் மட்டுமில்லை. அருள்புரத்தில் என் சின்ன வயதில், கண்ணில் லென்ஸ் செருகிய வாட்ச் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடைக்காரரின் வேலை நம் கைக்கு வந்துவிட்டது.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. செயினின் உட்பக்கம் சில கண்ணிகளில் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் பின்னைத் தள்ள வேண்டும். திரும்பப் போடும்போது எதிர்த்திசை. இது தெரியாமல் முதலில் தலைகீழாகத் தட்டிப் பத்து நிமிடம் வீண். தட்டுவதற்கு, உடைந்த தையல் மெஷின் ஊசியின் முனையைத் தேய்த்துத் தட்டையாக்கிக்கொண்டேன். பனியன் ஊரில் அதற்கா பஞ்சம்? இரண்டு கண்ணியையும் ஒரே பக்கம் எடுத்தால் பூட்டு ஓரமாகப் போய்விடும். பக்கத்துக்கு ஒன்றாக எடுத்தேன்.

வாட்ச் கச்சிதமாக நின்றது. அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கி, மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார்.

"சதை போட்டா மறுக்கா மாட்டோணுமல்ல?"