இங்கெர் ஹாகெரூப்: போர்க்காலக் கவிஞர், குழந்தைகளின் பாடலாசிரியர்

நோர்வேக் கவிஞர், சிறுவர் பாடலாசிரியர், வானொலி நாடக ஆசிரியர். 1905 ஏப்ரல் 12 அன்று நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள துறைமுக நகரமான பேர்கனில் பிறந்தார். 1985 பிப்ரவரி 6 அன்று மறைந்தார். நாஜி ஆக்கிரமிப்பின்போது மக்கள் ரகசியமாகக் கைமாற்றிப் படித்த ஒரு கவிதையை எழுதியவர் இவர். அந்நாட்டுக் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லும் எறும்புப் பாட்டை எழுதியவரும் இவரே. இரண்டும் வேறு வேறு ஆட்கள் எழுதியவை போலத் தோன்றும். கூர்ந்து படித்தால், சொற்சிக்கனத்திலும் எவருக்கும் தலைகுனியாத குரலிலும் ஒரே கை தெரியும்.

பிறந்தபோது இட்ட பெயர் இங்கெர் யுஹான்னெ ஹால்சோர். தந்தை இறந்தபோது அவர் சிறு குழந்தை. பேர்கனிலும் மேற்கு நோர்வேயின் பிற ஊர்களிலுமாக வளர்ந்தார். அந்த இளமைக் காலத்தைப் பின்னாளில், 1965, 1966, 1968 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று தன்வரலாற்று நூல்களில் எழுதினார். 1931இல் அன்டர்ஸ் ஹாகெரூப்பை மணந்துகொண்டார். முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது 1939இல். அப்போது அவருக்கு வயது 34. 'காடுகளில் வழிதவறினேன்' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு.

மறு ஆண்டே, 1940 ஏப்ரல் 9 அன்று, ஜெர்மன் படைகள் நோர்வேக்குள் நுழைந்தன.

1941 மார்ச் 4 அன்று பிரிட்டிஷ் கமாண்டோப் படையினர் நோர்வே வீரர்களுடன் சேர்ந்து வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் இறங்கினார்கள். அங்கிருந்த மீனெண்ணெய் ஆலைகள்தான் இலக்கு. அந்த எண்ணெயிலிருந்து எடுக்கும் கிளிசரின் வெடிமருந்து தயாரிக்கப் பயன்பட்டது. ஆலைகளைக் கொளுத்திவிட்டு, 200க்கும் மேற்பட்ட ஜெர்மானியரைச் சிறைபிடித்துக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள். தாமாக முன்வந்த 300க்கும் மேற்பட்ட நோர்வேக்காரர்களும் அவர்களோடு கப்பலேறிப் போனார்கள். ஜெர்மானியரின் பழிவாங்கல் ஊரில் இருந்தவர்கள் மேல் விழுந்தது. கப்பலேறியவர்களின் குடும்ப வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பலரைப் பிடித்து ஆஸ்லோவுக்கு அருகில் இருந்த கிரினி முகாமில் அடைத்தார்கள்.

இந்தச் செய்தியிலிருந்து பிறந்ததுதான் 'ஆஸ்ட்வோகோய், மார்ச் 1941' என்ற கவிதை. தீவின் பெயரும் மாதமும்தான் தலைப்பு. சிறிய அடிகள், அன்றாடப் பேச்சில் புழங்கும் சொற்கள், தவறாத இயைபு. எரிந்த வீடுகளையும் கொல்லப்பட்டவர்களையும் சொல்லத் தொடங்கி, அந்தத் தீ மனிதர்களின் நெஞ்சில் எதை விட்டுச் சென்றது என்பதில் போய் முடிகிறது. எழுதியவர் பெயரில்லாமல் அது நாடெங்கும் பரவியது. ஒருமுறை கேட்டால் மனத்தில் தங்கிவிடும் கட்டமைப்பு அதற்கு உதவியது; காகிதத்தில் வைத்திருப்பதே ஆபத்தான காலம் அது. 1943இல் ஹாகெரூப் குடும்பத்தோடு ஸ்வீடனுக்குத் தப்பிச் சென்றார். விடுதலைக்குப் பிறகு 1945இல் வந்த 'விடெரெ' என்ற தொகுப்பில் அந்தக் கவிதை அவர் பெயருடன் இடம்பெற்றது.

போருக்குப் பிந்தைய தொகுப்புகள் பெரும்பாலும் காதலையும் தனிமையையும் பேசுபவை. அந்தக் காதல் பணிவானதல்ல. 1949இல் வந்த தொகுப்பின் தலைப்பே, 'இப்படித்தான் நான் இருக்க வேண்டும் உனக்கு' என்று ஒரு பெண் சொல்வது போன்றது. அரசியலில் இடதுசாரி, சில காலம் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். புதுக்கவிதை வலுப்பெற்ற பின்னும் யாப்பையும் இயைபையும் அவர் கைவிடவில்லை. அதைப் பழமை என்று ஒதுக்கியவர்கள், சினத்தைக்கூட அளந்த அடிக்குள் நிறுத்தும் அவருடைய திறனைக் கவனிக்கத் தவறினார்கள்.

1950இல் 'சோ ரார்ட்' வெளிவந்தது; 'எவ்வளவு விசித்திரம்' என்று பொருள். நோர்வேயின் சிறுவர் பாடல் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அதுவரை வீடுகளில் ஒலித்தவை பெரும்பாலும் மார்கிரேதே முந்தெயின் பாடல்கள். ஹாகெரூப் பிறந்த அதே 1905இல் முந்தெயின் புகழ்பெற்ற பாடல் தொகுப்பு வெளிவந்திருந்தது. கை கழுவு, பெரியவர் சொல் கேள், குறும்பு செய்யாதே என்று இனிமையாகக் கண்டிப்பவை அவை.

ஹாகெரூப்பின் பாட்டில் கண்டிப்பவர் யாரும் இல்லை. சிலந்தியாக வாழ்வது எப்படியிருக்கும் என்று வியக்கிறது ஒரு பாட்டு. குட்டித் தீவொன்றில் வசிக்கும் கிழட்டு ரொட்டிக்காரர் இன்னொன்றில் வருகிறார். எல்லாவற்றிலும் புகழ்பெற்றது எறும்பு. தன்னைச் சிறியவன் என்று சொல்வதை அது ஏற்றுக்கொள்ளவே இல்லை: தன் உடம்பை முழுசாக நிறைத்துக்கொண்டிருக்கும் தான் சரியான அளவில்தான் இருப்பதாகப் பதில் சொல்கிறது. எந்நேரமும் பெரியவர்களை அண்ணாந்து பார்த்தே வாழும் குழந்தைக்கு இதைவிட நல்ல துணை வேறெது? போரின்போது ஒரு நாட்டுக்குக் கிடைத்த நிமிர்வுதான் இங்கே எறும்புக்குக் கிடைத்திருக்கிறது என்று படிப்பதில் தவறில்லை.

'சோ ரார்ட்'டுக்குப் படம் வரைந்தவர் பால் ரெனே கோகேன். பிரெஞ்சு ஓவியர் பால் கோகேனின் பேரன் இவர். பாட்டுக்கு வெறும் விளக்கப்படமாக நின்றுவிடாத துணிச்சலான வடிவங்களும் வண்ணங்களும் அவருடையவை. 1961இல் வந்த 'லில்லெ பெர்சில்லெ' நூலிலும் இருவரும் சேர்ந்து பணியாற்றினார்கள். பிற்காலத்தில் ஃபின் கால்விக் போன்ற இசைக்கலைஞர்கள் ஹாகெரூப்பின் கவிதைகளுக்கு மெட்டமைத்தார்கள்.

எழுத்து அந்தக் குடும்பத்தில் தொடர்ந்தது. மூத்த மகன் ஹெல்கெ, இளைய மகன் கிளாவுஸ் இருவரும் எழுத்தாளர்கள். கிளாவுஸ் 1988இல் தாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 'சோஃபியின் உலகம்' வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிந்த யோஸ்டைன் கார்டருடன் சேர்ந்து 1993இல் சிறுவர் நாவல் ஒன்றும் எழுதினார். பேத்தி ஹில்டெவும் எழுத்தாளரே.

இலங்கையிலிருந்து புறப்பட்டு, நோர்வேயின் வடகோடி மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்து, அங்கேயே வேரூன்றிய தமிழர்கள் பலர். அவர்களின் பிள்ளைகளுக்கு நோர்வே மொழி பள்ளிக்கூட மொழி. தமிழ் வீட்டு மொழி. இரண்டின் ஓசையையும் காதில் வைத்திருக்கும் அந்தத் தலைமுறையினர் ஹாகெரூப்பின் எறும்பையும் சிலந்தியையும் மூலத்திலிருந்தே, சந்தம் கெடாமல், தமிழ்க் குழந்தைகளுக்குக் கொண்டுவர வேண்டும்.