குருமன்ஸ் மக்கள் யார்? சாதிச் சான்றிதழுக்கு சாமியையும் பேச்சையும் ஏன் விசாரிக்கிறார்கள்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீரபத்திர சாமி கோயில் திருவிழா வந்துவிட்டால், செல்போன்களில் அந்த வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். பக்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பூசாரி ஒவ்வொருவர் தலையிலும் தேங்காயை அடித்து உடைத்துக்கொண்டே போவார். ‘விநோத வழிபாடு’ என்று தலைப்புப் போட்டால் செய்தி முடிந்தது. அந்த மக்கள் சான்றிதழுக்காக சப்-கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடப்பது வீடியோவில் வராது.

ஊர் வழக்கில் அவர்கள் குரும்பர். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இருக்கும் பெயர் ‘குருமன்ஸ்’. பேரிகை, சூளகிரி, ஓசூர் வட்டாரம் தொடங்கி தருமபுரி, வேலூர், திருவண்ணாமலை வரை பரவி வாழ்கிறார்கள்.

ஆடுதான் ஆதாரம்

கன்னடத்தில் ‘குரி’ என்றால் செம்மறி ஆடு. இனத்தின் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். மழையையும் மேய்ச்சலையும் பார்த்து மந்தையோடு ஊர் ஊராகப் போவது, அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை போடுவது, அதற்குக் கூலியாகத் தானியமோ பணமோ வாங்குவது என்றுதான் பிழைப்பு ஓடியது. வெட்டிய ரோமத்தை நூற்று, புளியங்கொட்டைப் பசை தடவி, கறுப்புக் கம்பளி நெய்தார்கள். இன்று மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. ஓசூரைச் சுற்றி தொழிற்பேட்டைகள் வளர வளர, ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்.

வீட்டுக்குள் பேசுவது கன்னடத்தின் ஒரு வட்டார வழக்கு. அதற்கென்று தனி எழுத்து கிடையாது. சந்தையில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். மூன்று மாநில எல்லை கூடுகிற பேரிகைப் பக்கம் இதெல்லாம் சர்வசாதாரணம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இவர்களின் உறவினர்களான குருபர்கள் தங்கள் மரபை ‘ஹாலுமத’ என்கிறார்கள். நம்ம ‘பால்’தான் கன்னடத்தில் ‘ஹாலு’. ஆடு, பால், கம்பளி எல்லாமே அவர்களுக்கு சாமி சம்பந்தப்பட்டது. வீரபத்திரர், பீரேஸ்வரர் முக்கிய தெய்வங்கள். தேங்காய் உடைப்பதும் நேற்று வந்த பழக்கம் இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. (மண்டையில் காயம் படும் ஆபத்து அன்றும் உண்டு, இன்றும் உண்டு.)

சரி, சிக்கல் எங்கே?

பெயரில்தான். மத்திய அரசின் பழங்குடிப் பட்டியலில் ‘குருமன்ஸ்’ மாநிலம் முழுவதற்கும் உண்டு. ‘குரும்பாஸ்’ நீலகிரிக்கு மட்டும். மாநிலத்தின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘குரும்பா, குரும்பா கவுண்டர்’ என்று இன்னொரு பதிவு. கர்நாடகத்தில் குருபர்கள் பிற்படுத்தப்பட்டோர். 2013-லும் 2023-லும் முதலமைச்சராகப் பதவியேற்ற சித்தராமையா அந்தச் சமூகம்தான். பழங்குடி அந்தஸ்து கேட்டு 2021-ல் காகினெலேயிலிருந்து பெங்களூருவுக்கு அவர்கள் பாதயாத்திரையே போனார்கள்.

ஆக, ஓசூர் பக்கம் ஒரு மாணவர் விண்ணப்பித்தால், ‘நீ எந்தக் குரும்பர்?’ என்பதுதான் முதல் கேள்வி. தமிழ்நாட்டில் 1989 நவம்பருக்குப் பிறகு பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பது தாசில்தார் இல்லை. கோட்டாட்சியர் அல்லது சப்-கலெக்டர். சந்தேகம் வந்தால் மாநில அளவிலான கூர்நோக்குக் குழு விசாரிக்கும். மானிடவியல் அறிஞரும் அதில் உண்டு. கும்பிடும் சாமி, கல்யாண முறை, சாவுச் சடங்கு எல்லாவற்றையும் விசாரிக்கச் சொன்னது 1994-ல் உச்ச நீதிமன்றம் மாதுரி பாட்டீல் வழக்கில் கொடுத்த தீர்ப்பு. போலிச் சான்றிதழ்களைத் தடுக்க வேண்டிய அவசியம் அப்போது இருந்தது. ஆனால் கம்பெனி ஷிப்ட் பார்க்கும் அப்பாவின் பிள்ளைக்கு கம்பளி நெய்யத் தெரியுமா?

2023 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தாக்கூர் பழங்குடியினர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்குப் பதில் சொன்னது. பழக்கவழக்கச் சோதனையை மட்டும் வைத்து ஒருவரின் இனத்தை முடிவு செய்ய முடியாது. இடம்பெயர்வாலும் நவீன வாழ்க்கையாலும் அடையாளங்கள் மாறும். அரசியலமைப்புக்கு முந்தைய ஆவணங்களுக்கே அதிக மதிப்பு என்றது.

தாத்தா காலத்துப் பள்ளிச் சான்றிதழ், பத்திரம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய பிடிமானம். மந்தையோடு அலைந்த குடும்பத்தில் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் எத்தனை பேர்? போனவர்களின் பதிவேட்டிலும் வாத்தியார் காதில் விழுந்தபடி ‘குரும்பர்’ என்று எழுதியிருந்தால், விசாரணை திரும்பவும் சாமியிலும் பேச்சிலும்தான் வந்து நிற்கிறது.