கண்மாய்த் தொடரில் அறுந்த கால்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர் வட்டாரக் கண்மாய்கள் பார்வைக்குத் தனித்தனியானவை. வேலை செய்வதோ தொடராக. நிலம் கடலை நோக்கி மிக மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டு மழைநீரைத் தேக்கினார்கள். ஒரு கண்மாய் நிறைந்ததும் மிகுதி நீர் கலுங்கு தாண்டி, வரத்துக்காலில் இறங்கி, அடுத்த கண்மாயைச் சேரும். மடைவழி நஞ்சைக்குப் பாய்ந்த நீரின் கசிவும் கீழே உள்ள ஊருக்குத்தான் போகும். வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களை நம்பியிருக்கும் மண்ணில், பெய்த மழையைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்ள வழிசெய்த ஏற்பாடு இது.

பெரிய இணைப்புகள் சில ஆட்சியாளர்கள் வெட்டியவை. கமுதிப் பக்கம் குண்டாற்றிலிருந்து பிரிந்து முதுகுளத்தூர்ப் பகுதி வழியாகக் களரிக் கண்மாயை நோக்கிச் செல்லும் ரகுநாத காவிரி, சேதுபதிகள் காலத்துக் கால்வாய். வடக்கே வைகையின் எஞ்சிய நீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேரும். ஆனால் தொடரைத் தொடராக வைத்திருந்தவை ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடிய சிறு கால்களே. அவற்றை வெட்டியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது.

இந்தக் கால்களுக்கு மேலாண்மை என்பது வழக்கம்தான். எந்த ஊர் எந்தக் காலைத் தூர்வார வேண்டும், கலுங்கு எவ்வளவு உயரம் இருக்கலாம், தண்ணீர் குறைந்த ஆண்டில் யாருக்கு முறை என்பதெல்லாம் முன்னோர் நடைமுறையால் முடிவானவை. சச்சரவு எழுந்ததும் பெரும்பாலும் கலுங்கில்தான். கலுங்கின் மேல் நட்ட கற்களுக்கிடையே மண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்தால் மேல் ஊரில் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். கீழ் ஊருக்கு வர வேண்டியது நின்றுபோகும். மேல் ஊரின் உள்வாய் நிலங்கள் மூழ்கும் என்பதால் அந்த ஊருக்குள்ளேயே எதிர்ப்பும் இருக்கும். ஒரு சாண் உயரம் இரண்டு ஊர்களின் விளைச்சலைத் தீர்மானித்தது. இப்படிப்பட்ட மரபுரிமைகளை எழுதி வைத்த ஏடுகளுக்கு மாமூல்நாமா என்று பெயர். இணைப்பை இணைப்பாகவே பதிவு செய்ய முயன்ற ஆவணம் அது.

அரசின் ஆவணங்கள் வேறு வழியில் போயின. 1803இல் ராமநாதபுரம் நிரந்தர ஜமீன் ஆனது. சென்னை மாகாணத்தில் 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம், உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி நிலத்து ஏரிகளை அளந்து, நீர்பிடிப்பு, ஆயக்கட்டு, மடை, கலுங்கு எல்லாவற்றையும் குறிப்பேடுகளில் எழுதியது. ஜமீன் கண்மாய்கள் அந்த வேலைக்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அவை அரசுக்கு வந்தன. அப்போதும் பிரிந்தே வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒரே தொடரின் மேல் கண்மாய் ஓர் அலுவலகத்திலும் கீழ்க்கண்மாய் இன்னோர் அலுவலகத்திலும் இருக்க நேர்ந்தது. இடையில் ஓடும் காலைப் புறம்போக்காக வரைபடத்தில் காணலாம். ஆனால் அது எந்தக் கண்மாயிலிருந்து எதற்குத் தண்ணீர் கொண்டுபோகிறது என்பதைப் புல எண் சொல்லாது. கண்மாய்ப் பாசனம் நலிந்ததற்கான காரணங்களில் இணைப்பைப் பதியாத இந்தக் குறையும் ஒன்று.

கால்களை அறுத்தவை பல. சாலைக்கு மேடு போட்டபோது காலுக்குப் போதிய அகலத்தில் பாலம் விடவில்லை. இரு புறமும் உழுதவர்கள் ஆண்டுக்கு ஒரு கலப்பைச் சால் உள்ளே நகர்ந்தார்கள். சீமைக்கருவேலம் காலுக்குள்ளேயே முளைத்து வண்டலைப் பிடித்து வைத்தது. அந்த மரமே கரிமூட்டத்துக்கு விறகாகி ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டதால் அதை வெறும் களையாக எண்ணிவிட முடியாது. ஊராரே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2017இல் அரசு மீண்டும் தொடங்கியது. தூர்வாரப்பட்ட கண்மாய்க்குள் நீர் வர வரத்துக்காலும் திறந்திருக்க வேண்டும் என்பது ஊர்க்காரர்கள் நன்கறிந்த செய்தி.

இந்த நிலைமையைத் துல்லியமாக எழுதும் கருவி கணிதத்தில் உண்டு. 1736இல் கோனிக்ஸ்பர்க் நகரப் பாலங்களைப் பற்றி எழுதிய ஆய்லர், நிலப்பகுதிகளையும் அவற்றுக்கிடையேயான தொடர்புகளையும் மட்டும் வைத்துக் கணக்கைத் தீர்த்தார். கோட்டுருவியல் (graph theory) என்ற கணிதப் பிரிவு அங்கிருந்து வளர்ந்தது. கண்மாயைப் புள்ளியாகவும் வரத்துக்காலைத் திசையுள்ள கோடாகவும் கொண்டால் முதுகுளத்தூர்த் தொடர் அப்படியே ஒரு திசைக் கோட்டுரு. 2005இல் பொதுவெளிக்கு வந்த நெட்வொர்க்எக்ஸ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் ஒரு கோட்டை நீக்கத் தனிக் கட்டளை இருக்கிறது. இரு முனைப் புள்ளிகளின் பெயரைக் கொடுத்தால் கோடு போகும். புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இல்லாத கோட்டை நீக்கச் சொன்னால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். புள்ளியையே நீக்கினால் அதைத் தொட்ட எல்லாக் கோடுகளும் சேர்ந்து போகும். வரத்துக்கால் அடைபட்ட கண்மாயின் கதி, கோடு மட்டும் நீங்கிய வகை: பதிவேட்டில் பெயர் உண்டு, பரப்பு உண்டு, தண்ணீர் வரத்து இல்லை. கண்மாயே வீட்டுமனையாகிப் போனது, புள்ளியே நீங்கிய வகை.

கோட்டை நீக்கும் கட்டளையால் வயலில் இறங்காமலே ஒரு சோதனை செய்யலாம். கோடுகளை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் எத்தனை கண்மாய்கள் மேல்நீர் கிடைக்காமல் ஒதுங்குகின்றன என்று எண்ணினால், எந்தக் காலை முதலில் தூர்வார வேண்டும் என்ற வரிசை கிடைக்கும். அதற்கு முதலில் கோடுகளின் பட்டியல் வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் கரையும் நீர்ப்பரப்பும் தெளிவாகத் தெரியும். முள்காடு மூடிய கால் தெரியாது. அதை நில அளவை வரைபடத்தோடும், மாமூல்நாமா கிடைக்கும் ஊர்களில் அதோடும், தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சிகளின் நினைவோடும் ஒத்துப்பார்த்தே எழுத வேண்டும். பதிவில் ஒவ்வொரு காலுக்கும் தொடங்கும் கண்மாய், சேரும் கண்மாய், கலுங்கு உயரம், தூர்வார வேண்டிய ஊர், அடைபட்ட இடம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும்.