தொங்கு சட்டமன்றமும் தலித் தலைமையும்: உத்தரப் பிரதேச அனுபவம்

எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாத அவையே தொங்கு சட்டமன்றம். ஆட்சியமைக்க யாரை அழைப்பது என்பதை ஆளுநர் முடிவுசெய்கிறார். பெரும்பான்மையை அவையில்தான் மெய்ப்பிக்க வேண்டும் என எஸ்.ஆர். பொம்மை வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உத்தரப் பிரதேசத்தில் 1993 தேர்தலில் பா.ஜ.க. 177, சமாஜ்வாதி 109, பகுஜன் சமாஜ் 67 இடங்களைப் பெற்றன. பின்னிரு கட்சிகளும் பிற கட்சிகளின் ஆதரவுடன் ஆட்சியமைத்தன. 1995 ஜூனில் அக்கூட்டணி முறிந்ததும், பா.ஜ.க.வின் ஆதரவுடன் மாயாவதி முதலமைச்சரானார். இந்தியாவில் அப்பொறுப்பை ஏற்ற முதல் தலித் பெண் அவரே. அக்டோபரில் ஆதரவு விலக்கப்பட, ஆட்சி வீழ்ந்தது.

2007இல் 403 இடங்களில் 206ஐ வென்ற பின்னரே அவரால் ஐந்தாண்டுகள் முழுமையாக ஆள முடிந்தது. தொங்கு அவை ஒடுக்கப்பட்டோரின் கட்சிக்கு ஆட்சியின் கதவைத் திறக்கலாம். ஆனால் அதன் சாவி ஆதரவளிப்போர் கையிலேயே இருக்கும்.